எடுக்காத அழைப்பு சொல்லும் சேதி: மிஸ்டு கால் எப்படி ஒரு மொழி ஆனது?

தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு ரிங் வந்து கட் ஆனால் திருப்பி அழைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அடிக்கடி செய்திகளில் வருகிறது. படிப்பவர்களுக்குக் குழப்பம். எடுக்கவே எடுக்காத அழைப்பால் பணம் எப்படிப் போகும்? அதைவிடப் பெரிய கேள்வி: யாரென்றே தெரியாத எண்ணை ஜனங்கள் ஏன் திருப்பி அழைக்கிறார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் நம் பழக்கவழக்கத்தில் இருக்கிறது. அன்றாடக் கருவிகள் வழியாக மனிதர்கள் எப்படி உறவாடுகிறார்கள் என்று ஆராய்பவர்கள் மிஸ்டு காலைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். எந்த நிறுவனமும் இதை ஒரு வசதியாக வடிவமைக்கவில்லை. கையில் காசு குறைவாக இருந்தவர்கள், கட்டண முறையில் இருந்த ஓர் ஓட்டையைப் பார்த்து, அதிலிருந்து தாங்களாகவே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள்.

மணி அடிக்க ஏன் காசு இல்லை?

நீங்கள் எண்ணை அழுத்தியதும் உங்கள் போன் பக்கத்து டவர் வழியாக நிறுவனத்தின் இணைப்பு மையத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. எதிர்முனைப் போன் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பதிவேட்டில் தேடப்படுகிறது. அந்தப் பகுதியில் இருக்கும் டவர்கள் அந்தப் போனைக் கூப்பிடுகின்றன. அது பதில் சொன்னதும் மணி அடிக்கிறது, உங்கள் எண் திரையில் தெரிகிறது. இத்தனை வேலையும் நிறுவனத்தின் செலவில் நடக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் எடுத்த பிறகுதான் கட்டண மீட்டர் ஓடத் தொடங்கும்.

ஆக, மிஸ்டு கால் சாத்தியமாக மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்.

1. அழைத்தவர் எண் திரையில் தெரிய வேண்டும். பழைய தரைவழி போனில் இது இல்லை. அதனால் “ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணு, வந்து சேர்ந்துட்டேன்னு புரிஞ்சுக்கறேன்” என்று முன்கூட்டியே பேசி வைத்தால்தான் வேலைக்கு ஆகும்.
2. தவறிய அழைப்பு போனில் பதிவாகி நிற்க வேண்டும். அப்போதுதான் மணி அடித்தபோது பக்கத்தில் இல்லாதவருக்கும் சேதி போய்ச் சேரும்.
3. பேசினால் காசு, மணி அடித்தால் இலவசம் என்ற கட்டண முறை இருக்க வேண்டும்.

இந்தியாவில் மூன்றாவது நிபந்தனைக்கு ஒரு முக்கியமான நாள் உண்டு. 1995 ஜூலை 31 அன்று நாட்டின் முதல் மொபைல் அழைப்பு பேசப்பட்ட காலத்தில், போன் வந்தாலும் காசு, போன் பண்ணினாலும் காசு. 2003 மே 1 முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின, அழைப்பவர் மட்டும் கட்ட வேண்டும் என்றானது. அதோடு, பேசியது ஐந்து விநாடியே ஆனாலும் ஒரு முழு நிமிடத்துக்குக் காசு பிடிக்கும் வழக்கம் பல வருடங்கள் இருந்தது. விநாடிக் கணக்கில் கட்டணம் என்பது 2009இல்தான் பரவலாக வந்தது. “பஸ் ஏறிட்டேன்” என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு நிமிடக் காசு கொடுக்க யாருக்கு மனம் வரும்?

மணிதான் முதல் பேச்சு

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள மொபைலுக்கு முந்தைய ஓர் ஆராய்ச்சி உதவும். அமெரிக்கச் சமூகவியலாளர் இமானுவேல் ஷெக்லாஃப், காவல்துறைக்கு வந்த சுமார் 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போனை எடுப்பவரே முதலில் பேசுவார் என்ற விதி, ஓர் அழைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அந்த ஒரே ஓர் அழைப்பில் எடுத்தவர் பேசவில்லை, அழைத்தவர்தான் முதலில் பேசினார்.

ஒன்றுதானே என்று அவர் அதை விட்டுவிடவில்லை. அதையும் சேர்த்து விளக்கும்படி விதியையே மாற்றி எழுதினார். போன் மணி என்பது ஒரு கூப்பிடுதல். ‘ஏங்க!’ என்று வாசலில் நின்று குரல் கொடுப்பதைப் போன்றது. அப்படியானால் உரையாடலின் முதல் பேச்சே அந்த மணிதான். எடுப்பவர் சொல்லும் ‘ஹலோ’ அதற்கான பதில். அந்தப் பதில் வராதபோது, அழைத்தவர் மறுபடியும் கூப்பிடுகிறார், அவ்வளவுதான்.

இதை வைத்து மிஸ்டு காலைப் பார்த்தால் அதன் அமைப்பு தெளிவாகிவிடும். உரையாடலின் முதல் பேச்சை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது மிஸ்டு கால். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமை எதிராளி மேல் அப்படியே நிற்கிறது.

மூன்று வகை

உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ளாமலே, ஏராளமான நாடுகளில் இந்தப் பழக்கம் முளைத்தது. இலங்கையில் அது ‘ரிங் கட்’. பிலிப்பைன்ஸில் ‘மிஸ்கால்’. நைஜீரியாவில் ‘ஃபிளாஷிங்’. கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘பீப்பிங்’. இத்தாலியில் ‘ஸ்குவில்லோ’.

ருவாண்டாவில் சிறு வணிகர்களிடையே மொபைல் பயன்பாட்டை ஆராய்ந்த ஜொனதன் டோனர், 2007இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிப்படையாகக் கருதப்படுகிறது. அவர் மிஸ்டு காலை மூன்றாகப் பிரித்தார்.

1. ‘திருப்பிக் கூப்பிடு’ வகை. எனக்குப் பேச வேண்டும், காசு உன்னுடையதாக இருக்கட்டும் என்பது பொருள்.
2. பேசி வைத்த வகை. கிளம்பிவிட்டேன், வாசலில் நிற்கிறேன், சரக்கு வந்துவிட்டது என்று முன்பே ஒப்புக்கொண்ட ஒரு சேதி. திருப்பி அழைக்கத் தேவையில்லை. அழைத்தால் காசு தண்டம்.
3. உறவு வகை. சேதி எதுவும் கிடையாது. உன்னை நினைத்தேன் என்பது மட்டும்தான்.

மூன்றாவது வகை வெளியாருக்கு வீண் வேலையாகத் தெரியலாம். ஆனால் மனிதர் பேச்சில் பெரும்பங்கு இப்படிப்பட்டதுதான். பசிபிக் கடலில் உள்ள டிரோப்ரியண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, தகவல் எதுவும் இல்லாமல் உறவைப் பேணுவதற்காக மட்டுமே பேசப்படும் பேச்சு என்று ஒரு வகை இருப்பதை 1923இலேயே எடுத்துக் காட்டினார். நம் ஊரில் ‘சாப்டாச்சா?’ என்று கேட்கிறோமே, அதுவும் அந்த வகைதான். சாப்பிட்டதன் விவரம் தேவைப்பட்டு யாரும் அப்படிக் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்கு விடுதியில் இருக்கும் மகள் அம்மாவுக்குக் கொடுக்கும் ஒரு ரிங், ‘சாப்டாச்சா?’வை ஒரு சொல்கூட இல்லாமல் கேட்டுவிடுகிறது.

சரி, வரும் மிஸ்டு கால் இந்த மூன்றில் எது என்று எப்படித் தெரியும்? திரையில் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். யார் அழைத்தது, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, இன்று என்ன நாள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பொருள் கொள்ள முடியும். இதனால்தான் நிறுவனங்களிடம் இருக்கும் அழைப்புப் பதிவுகள் ஆராய்ச்சியாளருக்குப் போதவில்லை. இத்தனை அழைப்புகள் எடுக்கப்படவில்லை என்று கணினி சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஜனங்களோடு உட்கார்ந்து, இந்த அழைப்பு எதற்கு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது

டோனரின் ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. எங்கும் எழுதி வைக்கப்படாத விதிகள் இருந்தன, மீறினால் கெட்ட பெயர் வந்தது.

முதல் விதி: வசதி உள்ளவர்தான் காசு கொடுக்க வேண்டும். ஓட்டுநர் முதலாளிக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம், முதலாளி ஓட்டுநருக்குக் கொடுத்தால் கேவலம். இரண்டாவது: வியாபாரி வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது, வாடிக்கையாளர் வியாபாரிக்குக் கொடுக்கலாம். மூன்றாவது: ஒரு பெண்ணின் மனதைப் பெற நினைக்கும் ஆண் அவளுக்கு மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கையில் காசில்லை என்றோ மனசில்லை என்றோ ஆகிவிடும். உதவி கேட்கப் போகிறவரும் கொடுக்கக் கூடாது. கேட்பதையும் கேட்டு, அதற்கான செலவையும் அடுத்தவர் தலையில் கட்டுவது மரியாதையில்லை.

இந்த விதிகள் நமக்குப் புதிதாகத் தோன்றாது. மிஸ்டு கால் என்பது ஒவ்வொரு தடவையும் ‘நம் இருவரில் யார் மேலே, யார் கீழே’ என்ற கேள்விக்கு விடை சொல்வது. வெளியூரில் வேலைக்குப் போன மகனுக்கு அப்பா மிஸ்டு கால் கொடுக்கத் தொடங்கும் நாள், குடும்பத்தில் சம்பாதிப்பவர் மாறிவிட்டார் என்பதை யாரும் வாய்திறந்து சொல்லாமலே சொல்லிவிடும்.

மொய்யோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். மொய் நோட்டில் எழுதியது ஒரு நாள் திரும்பி வர வேண்டும், கொஞ்சம் கூடுதலாகவே வர வேண்டும். மிஸ்டு காலில் அந்தச் சமன் கிடையாது. திருப்பி அழைப்பவர் எப்போதும் வசதி உள்ளவரேதான். அவருக்குக் கிடைப்பது மூத்தவர், தாங்குபவர் என்ற இடம்.

இன்னொரு விஷயம், இதை ஆராய்ச்சிக்கு வெளியே இருப்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. மிஸ்டு கால் இரண்டு பக்கமும் முகத்தைக் காப்பாற்றும். கொடுத்தவர் ‘தெரியாம கை பட்டுடுச்சு’ என்று சொல்லிவிடலாம். வாங்கியவர் ‘போன் சைலண்ட்ல இருந்துச்சு’ என்று சொல்லிவிடலாம். கேட்டும் கேட்காததுபோல், மறுத்தும் மறுக்காததுபோல் இருக்க இடம் விடும் மொழி அது. அன்றாட உறவு அறுந்துபோகாமல் இருக்க அந்த இடம் மிகவும் தேவை.

அதே மணி, தொல்லையாகும்போது

இந்த மொழியால் எல்லாருக்கும் நன்மை என்று சொல்லிவிட முடியாது. பெயர் சொல்லாமல், செலவில்லாமல், சட்டென்று மறைந்துகொள்ளும் வசதி தொல்லை கொடுப்பவனுக்கும் அதேபோல் கிடைத்தது. எண்களைக் குத்துமதிப்பாக அழுத்தி, பெண் குரல் கேட்டால் மறுபடி மறுபடி மிஸ்டு கால் கொடுப்பது தெற்காசியா முழுக்க ஒரு தொல்லையாக வளர்ந்தது. போன் தொல்லைகளுக்கென்றே உத்தரப் பிரதேச அரசு 2012 நவம்பரில் 1090 என்ற உதவி எண்ணைத் தொடங்க வேண்டி வந்தது.

அதைவிட மோசம், அந்த மிஸ்டு கால் ஏன் வந்தது என்று வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டியவள் பெண். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தில் 199 பெண்களிடம் பேசி நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பெண் கையில் இருக்கும் போன் அவளுக்கு மட்டுமே உரியதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை என்று காட்டியது. பிள்ளைகள் எடுப்பார்கள், கணவர் பார்ப்பார், மாமியார் கேட்பார். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால் சிலர் செயலிகளுக்குப் பூட்டுப் போட்டார்கள், சிலர் குறிப்பிட்ட செய்திகளை மட்டும் அழித்தார்கள், சிலர் சில விஷயங்களைப் போனில் செய்வதையே விட்டுவிட்டார்கள். ஒரு போன் ஒரு ஆள் என்று நினைத்து வடிவமைப்பவர்கள் கண்ணில் இது எதுவும் படுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில், தெரியாத எண்ணிலிருந்து வந்த மூன்று மிஸ்டு கால் ஒரு பெண்ணின் போனையே பறித்துவிட முடியும்.

தொடக்கத்தில் சொன்ன மோசடியும் இங்கேதான் வருகிறது. அதற்கு ‘வாங்கிரி’ என்று பெயர். ‘ஒரு ரிங், உடனே கட்’ என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொல். மோசடிக்காரர், அழைத்தால் அதிகக் கட்டணம் பிடிக்கும் வெளிநாட்டு எண்ணிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கணினி மூலம் ஒரு ரிங் விடுகிறார். திருப்பி அழைப்பவரிடம் பிடிக்கப்படும் கட்டணத்தில் அவருக்கும் பங்கு போகிறது. கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், முடியாதவர் கூப்பிட்டிருந்தால் நாம்தான் திருப்பி அழைக்க வேண்டும் என்ற நல்ல பழக்கத்தைத்தான் இந்த மோசடி பிடித்துக்கொள்கிறது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எண்ணுவது தவறு.

கடை விரித்தவர்கள்

ஓட்டையை முதலில் அடைக்கப் பார்க்காமல் அதில் கடை போட்டவர்களும் உண்டு. 2010இல் பெங்களூருவில் தொடங்கிய ஸிப்டயல், மிஸ்டு கால் கொடுத்தால் விளம்பரமும் தகவலும் போனுக்கு வரும் சேவையை நடத்தியது. 2015 ஜனவரியில் ட்விட்டர் அதை வாங்கியது. இந்துஸ்தான் யுனிலீவர் பீகாரிலும் ஜார்க்கண்டிலும், மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைத்துப் பாட்டும் நகைச்சுவையும் நடுவே சோப்பு விளம்பரமும் ஒலிபரப்பியது. கட்சிகள் உறுப்பினர் சேர்த்தன. வங்கிகள் கணக்கில் உள்ள இருப்பைச் சொல்லின. சமையல் எரிவாயு சிலிண்டரை மிஸ்டு கால் கொடுத்தே பதிவு செய்யலாம் என்றானது.

இவற்றில் எனக்குப் பிடித்தது 2010இல் சத்தீஸ்கரில் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா என்ற குரல்வழிச் செய்திச் சேவை. செய்தித்தாளோ வானொலியோ தங்கள் மொழியில் இல்லாத, கோண்டி மொழி பேசும் பழங்குடி மக்கள் ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். கணினி திருப்பி அழைக்கும். ஊர்க் கிணறு வற்றியதையோ சம்பளம் வராததையோ தங்கள் குரலில் பதிவு செய்வார்கள், அடுத்தவர் பதிவைக் கேட்பார்கள். வசதி உள்ளவர் காசு கொடுக்கட்டும் என்ற பழைய விதியை ஒரு பொதுச் சேவை தன் மேல் ஏற்றுக்கொண்டது.

25 விநாடிச் சண்டை

2019 அக்டோபரில் நடந்த ஒரு சண்டை, இந்தச் சின்ன மணிக்குப் பின்னால் எவ்வளவு பணம் இருந்தது என்று காட்டியது. பின்னணி இதுதான்.

1. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரை அழைத்தால், முதல் நிறுவனம் இரண்டாவதற்கு நிமிடத்துக்கு 6 பைசா இணைப்புக் கட்டணம் அப்போது தர வேண்டியிருந்தது.
2. 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, பேசுவதை இலவசமாக்கியது. உடனே மற்ற நிறுவன வாடிக்கையாளர்கள் ஜியோ வைத்திருக்கும் சொந்தக்காரருக்கு மிஸ்டு கால் கொடுக்கத் தொடங்கினார்கள். உனக்கு இலவசம்தானே, நீயே கூப்பிடு!
3. திருப்பி அழைக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஜியோ 6 பைசா கொடுக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு 25 முதல் 30 கோடி மிஸ்டு கால்கள் தன் வலையமைப்புக்கு வருவதாக ஜியோ சொன்னது.
4. தன் வாடிக்கையாளர் செய்யும் அழைப்புகளுக்கு மணி அடிக்கும் நேரத்தை ஜியோ குறைத்தது. நேரம் குறைந்தால் போனை எடுப்பதற்குள் கட் ஆகும், எதிர்முனையில் இருப்பவர் திருப்பி அழைப்பார், 6 பைசாவின் திசை மாறிவிடும் என்று போட்டி நிறுவனங்கள் குற்றம் சாட்டின. பிறகு அவர்களும் 25 விநாடிக்குக் குறைத்தார்கள்.

கடைசியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, மொபைலுக்கு 30 விநாடி, தரைவழி போனுக்கு 60 விநாடி மணி அடிக்க வேண்டும் என்று 2019 நவம்பர் 1 அன்று உத்தரவிட்டது. மூட்டுவலியோடு கட்டிலிலிருந்து எழுந்து போனைத் தேடும் ஒரு பாட்டிக்கு 25 விநாடிக்கும் 30 விநாடிக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சண்டை போட்டவர்கள் கணக்கில் அந்தப் பாட்டி இல்லை. 2021 ஜனவரி 1 முதல் இணைப்புக் கட்டணமே ஒழிந்தது.

இலவச ரிங் போன இடம்

பேசுவது ‘அன்லிமிடெட்’ ஆனபின் மிஸ்டு கால் செத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். மாத ரீசார்ஜ் போடுபவர்களுக்கு அது ஓரளவு உண்மை. மற்றவர்கள் கதை வேறு. முன்பு 10 ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மிஸ்டு கால் கொடுத்தும் வரும் அழைப்பை எடுத்தும் காலம் தள்ளியவர்கள் ஏராளம். 2018இன் கடைசியில் பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்று கொண்டுவந்தன. தொடக்கத்தில் அது 28 நாளுக்கு 35 ரூபாய். அதைப் போடாவிட்டால் வெளியே அழைக்க முடியாது. அழைக்க முடியாதென்றால் ஒரு ரிங் விடவும் முடியாது.

வருமானம் தராத வாடிக்கையாளரை நிறுவனம் எவ்வளவு நாள் சுமக்கும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அடைபட்டது வெறும் கட்டண ஓட்டை என்று எண்ணிவிடக் கூடாது. காசில்லாதவர் கூப்பிடுவதற்கு இருந்த வழி அடைபட்டது. ‘எனக்குப் பேச வேண்டும், உன் காசில்’ என்று கேட்கக்கூட இப்போது கையில் ஒரு திட்டம் இருக்க வேண்டும்.

நீல டிக்குக்கு வந்தபோது

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களுக்கு மிஸ்டு காலின் உறவு வேலையை வாட்ஸாப் எடுத்துக்கொண்டது. காலை வணக்கப் படமும் ஒற்றை இதயக் குறியும் டோனரின் மூன்றாவது வகைதான். பிரெஞ்சு சமூகவியலாளர் கிறிஸ்தியன் லிக்கோப் 2004இல் இதை ஓர் உறவு முறையாகவே விவரித்தார்: எப்போதாவது நீளமாகப் பேசுவதற்குப் பதில், சின்னச் சின்னத் தொடுதல்களை விடாமல் அனுப்பிக்கொண்டு, தூரத்தில் இருப்பவரோடு கூடவே இருப்பதுபோல் வாழ்வது.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. 2014 நவம்பரில் வாட்ஸாப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. செய்தியைப் படித்துவிட்டார் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். எதிர்ப்பு கிளம்பியதால் அதை அணைத்துவைக்கும் வசதியும் விரைவிலேயே வந்தது. ‘சைலண்ட்ல இருந்துச்சு’ என்று சொல்ல இடம் விட்ட மிஸ்டு காலுக்கு நேர் எதிர் இது. இங்கே செலவாவது காசு இல்லை, கவனம். பார்த்தும் பதில் போடாதவர் யார் என்பது வெளிச்சமாகிவிடுகிறது. டிக்கை அணைத்துவைத்தால், எதற்கு மறைக்கிறாய் என்ற கேள்வி வருகிறது.

விதிகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. மேலதிகாரி படித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம், ஊழியர் இருக்க முடியாது. கணவரின் ‘லாஸ்ட் சீன்’ மறைந்திருக்கலாம், மருமகளுடையது மறைந்திருந்தால் கூடத்தில் பேச்சாகும். ரீசார்ஜ் தீர்ந்துபோன சாதா போனோடு ஊரில் இருக்கும் அப்பா, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார். அவர் காத்திருப்பது எந்தத் திரையிலும் டிக்காக விழுவதில்லை.